ப்ளூடூத்துல பாட்டு நல்லாருக்குமா?

கெங்குவார்பட்டில இருந்து தம்பி போன் பண்ணான். சித்தப்பாவுக்குக் கண்ணு மங்கிருச்சு, இப்போ பாட்டுதான் துணை. "பத்தாயிரத்துக்குள்ள ரெண்டு பெட்டி ஸ்பீக்கர் பார்க்குறேன்ணே. ப்ளூடூத்னாலே தரம் போயிரும்ங்குறாங்களே, நெசமா?"

பாதி நெசங்க. சிடியில நொடிக்கு 1411 கிலோபிட் ஓடுது. ப்ளூடூத்தோட அடிப்படை முறையான எஸ்பிசி பாட்டைச் சுருக்கி, சுமார் 328 கிலோபிட்டுக்குள்ள அனுப்புது. எல்டேக்னா 990 வரை போகும். ஆனா அது போன்லயும் ஸ்பீக்கர்லயும் இருக்கணும், ஐபோன்ல கிடையாது.

என் கட்சி வேற. இந்த விலையில காதுக்குத் தெரியுற குறை பெரும்பாலும் பெட்டியாலதான் வருது, ப்ளூடூத்தால இல்ல. அதனால எல்டேக்குக்குனு கூடுதலா காசு கொடுக்காதீங்க. நாலு அங்குல ஊஃபர், கனமான மரப்பெட்டி பாருங்க. பிஎம்பிஓ வாட்ஸ் வெறும் பந்தா, ஆர்எம்எஸ் எவ்வளவுன்னு கேளுங்க. வயர் குத்துற வழி கட்டாயம் இருக்கணும். நாளைக்கு ப்ளூடூத் மக்கர் பண்ணாலும் பெட்டி பாடும்.

கடையில அவங்க போடுற குத்துப்பாட்டுல மயங்கிராதீங்க. நம்ம பண்ணைப்புரத்து இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' (1986) போடச் சொல்லுங்க. வி.எஸ்.நரசிம்மன் வயலின் காதைக் குத்தாம இழையணும், அடிநாதம் குழம்பக்கூடாது. வீட்டுல ரெண்டு பெட்டியையும் ஆறடி தள்ளி, காது உயரத்துல வைங்க. மூலையில வச்சா டம்டம்னு இரையும்.

தம்பிகிட்ட கடைசியா ஒண்ணு சொன்னேன். தேனி கடைக்குப் போறப்ப சித்தப்பாவையும் கூட்டிட்டுப் போடா. கேக்கப்போறது அவரு காது.