பனி குறைந்தால் நார்வேயின் பதக்கங்கள் என்னாகும்?

2022ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் நார்வே 16 தங்கம் உட்பட 37 பதக்கங்களை வென்றது. அதற்கு முன் எந்த நாடும் ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் 14 தங்கத்தைத் தாண்டியதில்லை. நார்வேயின் மக்கள்தொகை ஏறக்குறைய 5.5 மில்லியன், சிங்கப்பூரைவிடக் குறைவு. சீனா, அமெரிக்கா போன்ற நாடுகளை இவ்வளவு சிறிய நாடு எப்படி முந்துகிறது?

பனி கொட்டும் நாடு, அதனால் வெல்கிறது என்பது பாதி விடைதான். சுவீடனிலும் பின்லாந்திலும் கனடாவிலும் பனி கொட்டத்தான் செய்கிறது. பிள்ளைகளை அந்தப் பனியில் எப்படி இறக்கிவிடுகிறார்கள் என்பதுதான் மறுபாதி.

பட்டியல் இல்லாத போட்டி

நார்வே விளையாட்டுச் சம்மேளனம் 1987இல் பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று தனி விதிகளை ஏற்றுக்கொண்டது. 2007இல் அவை திருத்தப்பட்டன. அவற்றின்படி, 11 வயதை எட்டும் ஆண்டுக்கு முன் பிள்ளைகளின் போட்டிகளில் முதலிடம், கடைசி இடம் என்று பட்டியல் வெளியிடக்கூடாது. 13 வயதுக்கு முன் தேசிய வெற்றியாளர் போட்டி கிடையாது. 12 வயது வரை, பரிசு கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும்.

வெற்றியை வெறுக்கும் நாடு என்று இதற்குப் பொருளில்லை. எட்டு வயதில் மெதுவாக ஓடும் பிள்ளை பதினாறு வயதில் வேகமெடுக்கலாம். சிறு வயதிலேயே “உனக்கு இது வராது” என்று ஒதுக்கிவிட்டால், அந்தப் பிள்ளை திரும்பி வருவதில்லை. பலரை நீண்ட காலம் விளையாட்டில் வைத்திருந்தால், அவர்களில் சிலர் உலக வீரர்களாக வளர்வார்கள் என்பதே அங்குள்ள கணக்கு.

பணமும் ஆளும் அதற்கேற்பவே வருகின்றன. அரசுக்குச் சொந்தமான லாட்டரி நிறுவனத்தின் உபரியில் பெரும்பங்கு விளையாட்டுக்குப் போகிறது. உள்ளூர்க் கழகங்களில் பயிற்சி கொடுப்பதும், பாதையைச் சீர்செய்வதும், பலகாரம் விற்று நிதி திரட்டுவதும் பெரும்பாலும் பெற்றோரே. ஊரார் கூடிச் சம்பளமின்றிச் செய்யும் இத்தகைய வேலையை அங்கு ‘துக்னாட்’ என்கிறார்கள். பொழுது சீக்கிரம் சாயும் குளிர்காலத்திலும் சறுக்கப் போகலாம். பல ஊர்களின் காட்டுப் பாதைகளில் விளக்குகள் எரியும். நுழைவுக் கட்டணம் இல்லை.

இலவசம் எத்தனை நாள்?

இந்த ஏற்பாட்டுக்குத்தான் இப்போது சோதனை. தலைநகர் ஆஸ்லோ போன்ற தாழ்வான பகுதிகளில், ஒரு தலைமுறைக்கு முன் இருந்ததைவிடப் பனிக்காலம் சுருங்கிவிட்டது. இயந்திரத்தால் பனி தயாரிக்கப் பணம் வேண்டும். ஆஸ்லோவுக்கு அருகே லோரன்ஸ்கூக் நகரில், ஆண்டு முழுவதும் சறுக்கக்கூடிய உள்ளரங்கம் 2020இல் திறக்கப்பட்டது. ஆனால், அங்கு கட்டணம் செலுத்தித்தான் நுழைய முடியும்.

கருவிகளின் விலை இன்னொரு சுமை. வளரும் பிள்ளைக்கு அடிக்கடி புதிய சறுக்குப்பலகையும் காலணியும் தேவை. தீவிரப் போட்டிக்குப் போனால் ஒரு ஜோடி போதாது. குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளும், குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும், அதிலும் பெண்பிள்ளைகள், விளையாட்டுக் கழகங்களில் குறைவாகவே சேர்கிறார்கள் என்று அந்நாட்டு ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. இலங்கைப் போருக்குத் தப்பி 1980களிலிருந்து அங்கு சென்ற தமிழர்களில் பலர் வடகோடி மீன் தொழிற்சாலைகளில் வேலையைத் தொடங்கியவர்கள். பனியையே பார்த்திராத பெற்றோருக்குச் சறுக்குப்பலகை வாங்குவதும் துக்னாட்டுக்குப் போவதும் புதிதாகக் கற்க வேண்டிய பாடங்கள்.

இதை உணர்ந்து, பல நகராட்சிகளில் சறுக்குப்பலகை முதலான கருவிகளை இலவசமாக இரவல் கொடுக்கும் நிலையங்கள் நடத்தப்படுகின்றன. கருவி இல்லாத குறையை இது ஓரளவு தீர்க்கும். பனி இல்லாத குறையைத் தீர்க்காது.

வெற்றி வெறி நார்வேயைத் தொடாமலும் இல்லை. 2025 மார்ச்சில் டிரான்ட்ஹெய்ம் உலகப் போட்டியில், பனிச்சறுக்குத் தாண்டுதல் அணியின் உடைகளில் விதிக்கு மாறாகத் திருத்தம் செய்யப்பட்டதை அந்நாட்டுத் தரப்பே ஒப்புக்கொண்டது. தாய்மண்ணில் நடந்த போட்டி என்பதால் தலைகுனிவு அதிகம்.

அடுத்த ஒலிம்பிக்கிலும் நார்வே பதக்கம் குவிக்கக்கூடும். இன்றைய வீரர்கள் நேற்றைய பனியில் வளர்ந்தவர்கள். இன்று ஆறு வயதாகும் பிள்ளைக்கு வீட்டுக்குப் பின்னால் பாதை இருக்குமா, அல்லது பெற்றோரிடம் பணம் இருந்தால்தான் பனி கிடைக்குமா என்பதைப் பொறுத்தே இருபது ஆண்டுகளுக்குப் பிந்தைய பதக்கப் பட்டியல் அமையும்.