வகுப்புச் சராசரியை வைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளை எடைபோட வேண்டாம்

திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் கோவையைச் சுற்றியுள்ள ஃபவுண்டரிகளும் நூற்பாலைகளும் இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களை நம்பி ஓடுகின்றன. அவர்களுடைய பிள்ளைகள் லைன் வீடுகளுக்குப் பக்கத்திலுள்ள ஊராட்சி ஒன்றிய, மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கு வருகிறார்கள். அங்கே கற்றல் அடைவு குறைந்தால் 'வடக்கத்திப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்' என்று சிலரும், 'வாத்தியார்கள் சொல்லித் தருவதில்லை' என்று சிலரும் பேசுகிறார்கள். இரண்டு பேச்சுக்கும் வேர் ஒன்றே: வகுப்புச் சராசரிதான் பள்ளியின் தரம் என்ற நம்பிக்கை. ஒரு பிள்ளை சேர்ந்த நாளிலிருந்து எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்பதை வைத்தே பள்ளியை அளக்க வேண்டும், அந்த முன்னேற்றம் கடினமாக இருக்கும் பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியரைத் தர வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வகுப்பில் 20 பேர், சராசரி 70 என்று வைத்துக்கொள்வோம். பொங்கல் முடிந்து 5 பேர் புதிதாகச் சேர்ந்து, தமிழ் படிக்கத் தெரியாததால் ஆளுக்கு 30 மதிப்பெண் எடுத்தால் சராசரி 62 ஆகிவிடும். பழைய பிள்ளைகள் யாரும் ஒரு மதிப்பெண்கூட இழக்கவில்லை. ஆசிரியரும் குறை வைக்கவில்லை. இறங்கிய எண் மட்டும் பள்ளியின் மேல் பழியாக நிற்கிறது. மதிப்பெண் வேறுபாட்டில் பள்ளி வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிக்கே பெரும் பங்கு என்று அமெரிக்காவில் 1966-இல் வந்த கோல்மன் அறிக்கை சொன்னது. அதனால் பள்ளியால் ஆவது ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுவது பிழை. பின்னணியின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் ஆசிரியரின் உழைப்பு கண்ணில் படும்.

இந்தி படித்துவிட்டு வரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 47-ஐயும் 38-ஐயும் சட்டென்று கூட்டிவிடும். அதே கணக்கைத் தமிழ் வாக்கியமாகக் கொடுத்தால் திகைத்து நிற்கும். இந்தியில் நான்கு தனி எழுத்துகளாக எழுதிப் பழகிய ஒலிகளுக்குத் தமிழில் ஒரே 'க' என்பதால், எந்த இடத்தில் எப்படி ஒலிப்பது என்று அதற்குப் புரிவதில்லை. அந்தப் பிள்ளையை மந்தம் என்று ஒதுக்குவது அநியாயம். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துக் கற்பிக்கிறது. வழி சரிதான். ஆனால் வீட்டில் தமிழ் பேசி எழுத்தறியாத பிள்ளையும், எழுத்தறிந்து தமிழ் தெரியாத பிள்ளையும் ஒரே அரும்பில் உட்கார்ந்தால் இருவருக்கும் வேண்டிய பாடம் கிடைக்காது.

உள்ளூர்ப் பிள்ளைகளின் படிப்பு கெடும் என்று பெற்றோர் கவலைப்படுவதை நாங்கள் தள்ளிவிடவில்லை. ஆனால் கெடுப்பது ஆசிரியர் பற்றாக்குறை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பேர் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளையும் அந்த இருவரே பார்க்க வேண்டும். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் கொங்கு நாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் படித்து வருகிறார்கள். அவர்களுக்குத் தெருவே தமிழ் சொல்லித் தந்தது. கம்பெனி வளாகத்துக்குள் வளரும் பிள்ளைக்கு அந்தத் தெரு இல்லை. பள்ளிதான் அதையும் செய்தாக வேண்டும். முன்னேற்றத்தை அளப்பது சுணங்கும் ஆசிரியருக்குச் சாக்காகிவிடும் என்பது இன்னொரு வாதம். உண்மையில், வசதியான பகுதியில் நல்ல சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பள்ளியையும் இந்த அளவுகோல் காட்டிக்கொடுக்கும். இலக்கைத் தளர்த்தவும் நாங்கள் கேட்கவில்லை: மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எந்தப் பிள்ளையும் தமிழில் தடுமாறாமல் வாசிக்க வேண்டும். 'எப்படியும் ஊருக்குப் போய்விடுவார்கள்' என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். தங்கிவிடும் பிள்ளை, 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி, பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தாக வேண்டும். யார் தங்குவார், யார் போவார் என்று முதல் வகுப்பிலேயே தீர்மானிக்க நமக்கு உரிமையில்லை.

ஆகவே, சேரும் நாளிலேயே ஒவ்வொரு பிள்ளையின் மொழியையும் கணக்கையும் தனித்தனியே சோதித்துப் பதிய வேண்டும். ஆண்டின் நடுவில் அதிகம் பேர் சேரும் பள்ளிகளுக்கு, இந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒருவரைத் துணைக்குத் தர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும், வயதுச் சான்று இல்லாவிட்டாலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சட்டம். அதை ஒவ்வொரு பள்ளி வாசலிலும் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வைக்க வேண்டும்.