அடையும் வேளை

மாலையில் கோவில் மணி ஒலித்ததும் நாம் மூவேளைச் செபத்திற்கு எழுகிறோம். ஏறத்தாழ அதே வேளையில் கொல்லைப்புறத்துக் கோழிகளும் இரை பொறுக்குவதை நிறுத்தித் தலைநிமிர்ந்து பார்க்கின்றன. அவற்றிற்கு அடையும் வேளை வந்துவிட்டது. “எங்கள் கோழிகள் கூட்டுக்குள் வராமல் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்கின்றன, நாள்தோறும் விரட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது” என்று பங்கின் தாய்மார் சிலர் நம்மிடம் குறைபட்டுக்கொண்டதுண்டு. இம்மாதம் அதைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

கோழி மரமேறுவது பிடிவாதத்தால் அன்று. அதன் முன்னோராகிய செந்நிறக் காட்டுக்கோழி இரவில் மரக்கிளையில் தங்கும் பறவை. இருளில் கோழிக்குக் கண் நன்றாகத் தெரிவதில்லை. ஆகவே ஒளி மங்குமுன் உயரமானதோர் இடத்தைத் தேடிக்கொள்வது அதன் இயல்பிலேயே பதிந்துள்ளது. அவ்வியல்பை அடித்து மாற்ற இயலாது, நல்வழிப்படுத்த இயலும்.

புதிதாக வாங்கி வந்த கோழிகளை முதல் 7 முதல் 10 நாட்கள் வரை வெளியே விடாதீர்கள். கூட்டிலும் அதையொட்டிய அடைப்பிலும் வைத்தே தீனியும் தண்ணீரும் கொடுங்கள். தாம் உண்டு உறங்கும் இடம் இதுவே என்பதை அவை அறிந்துகொள்ளட்டும். பின்னர், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கையில் திறந்துவிடுங்கள். மாலைத் தீனியைக் கூட்டுக்குள்ளேயே வைத்து, நாள்தோறும் ஒரே குரலில் “பா, பா” என்று அழையுங்கள். அவை தவறாமல் திரும்பி வரத் தொடங்கியதும் வெளியில் மேயும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

கூடும் தங்கத் தகுந்ததாய் இருக்கவேண்டுமன்றோ? தரையிலிருந்து ஒன்றரை அல்லது 2 அடி உயரத்தில், 2 அங்குல அகலமுள்ள மரச்சட்டம் ஒன்றை விளிம்புகளை மழுக்கிப் பொருத்துங்கள். கோழி ஒன்றிற்கு 8 முதல் 10 அங்குல இடம் வேண்டும். சட்டங்கள் பலவாயின் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கட்டும். இல்லையேல் மேலிடத்திற்குச் சண்டை மூளும். முட்டையிடும் பெட்டி சட்டத்தைவிடத் தாழ்வாக இருப்பது நன்று. கூட்டின் உட்புறம் இருண்டிருந்தால் கோழி நுழையத் தயங்கும். ஆதலால் அந்தி வேளையில் சிறு மின்விளக்கு ஒன்றைப் போட்டு, அவை அடைந்தபின் அணைத்துவிடலாம்.

மரத்தில் ஏறிக்கொண்டதைக் கல்லெறிந்து இறக்க வேண்டாம். நன்றாக இருட்டியபின் அது அசையாது அமர்ந்திருக்கும். அப்போது சிறகுகளோடு சேர்த்து இரு கைகளாலும் மெல்ல எடுத்துக் கூட்டுச் சட்டத்தில் வையுங்கள். சில இரவுகள் பொறுமையாக இவ்விதம் செய்தால் பழகிவிடும்.

நன்கு பழகிய கோழியும் திடீரென்று கூட்டை வெறுப்பதுண்டு. அப்போது கோழியைக் குறைகூறாமல் கூட்டைச் சோதியுங்கள். பகலில் மரவிரிசலில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் உறிஞ்சும் செல் இருக்கலாம். ஈர எச்சத்தின் நெடி தாங்காதிருக்கலாம். கீரியோ மரநாயோ வந்து அச்சுறுத்திச் சென்றிருக்கலாம். காரணத்தை நீக்கினாலன்றி அவை திரும்பா.

இவ்வளவு சொல்லும் நாமே ஒருமுறை தவறினோம். அண்டை ஊரில் திருவிழாக் கொடியேற்றம். பகலில் கூட்டைத் துப்புரவு செய்துவிட்டு, நாய் நுழையாதபடி கதவைச் சாத்தியிருந்தோம். மாலையில் அதைத் திறந்துவைக்க மறந்து, குடும்பத்தோடு புறப்பட்டுவிட்டோம். இரவு 9 மணிக்குத் திரும்பியபோது கோழிகள் அடைத்த கதவின் முன் ஒன்றையொன்று நெருக்கியபடி தரையில் ஒடுங்கிக் கிடந்தன. எண்ணிப் பார்த்தோம்; இரண்டு குறைந்தன. கொய்யா மரத்தடியில் இறகுகள் சிதறிக் கிடந்தன. அவை கற்றதை மறக்கவில்லை. நேரம் தவறாமல் வீடு திரும்பியிருந்தன. கதவைத் திறந்துவைக்க வேண்டியவர்களே அங்கு இல்லை.

அன்றிரவு நம் உள்ளத்தை உறுத்தியது கோழிகளின் இழப்பு மட்டுமன்று. “பொழுது சாய்ந்தும் பிள்ளை வீட்டுக்கு வருவதில்லை” என்று நாம் எத்தனை முறை சலித்துக்கொள்கிறோம்! அவன் வரும்போது வீட்டில் அவனுக்காக யார் இருக்கிறார்கள்? உணவும் இன்சொல்லும் காத்திருக்கின்றனவா, அல்லது வசைமொழி காத்திருக்கிறதா? இதையும் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

கோழி தன் குஞ்சுகளைச் சிறகுகளின்கீழ்க் கூட்டிச் சேர்ப்பதுபோல் தம் மக்களைச் சேர்க்க விரும்பியும் அவர்கள் இணங்கவில்லையே என ஆண்டவர் எருசலேமைக் குறித்து வருந்தியதை மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஒலிவ மலைச் சரிவில் 1955இல் கட்டி முடிக்கப்பட்ட ‘ஆண்டவர் அழுதார்’ எனும் சிற்றாலயத்தின் பீட முகப்பிலும், சிறகு விரித்த கோழியும் குஞ்சுகளும் வண்ணக் கற்களால் பதிக்கப்பட்டுள்ளன. அவர் கடிந்து விரட்டவில்லை. சிறகை விரித்துக் காத்திருந்தார்.

ஆகவே, மாலை மணி ஒலிக்கும்போது வீட்டில் ஒருவராவது இருங்கள். கூட்டைத் திறந்துவைத்து அழையுங்கள். எல்லாம் அடைந்தபின் எண்ணிப் பார்த்துக் கதவைத் தாழிடுங்கள். பின்னர் விளக்கேற்றி, பிள்ளைகளையும் அன்போடு அழைத்து அமர்த்திச் செபமாலையைத் தொடங்குங்கள்.