ஹோல்டனின் கோபம்

ஜே.டி. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் த ரை' 1951-இல் வெளிவந்த நாளிலிருந்தே வாசகர்கள் இரண்டு கட்சி. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, வீட்டுக்குப் போகப் பயந்து நியூயார்க்கில் சுற்றும் 16 வயது ஹோல்டன் ஒரு கட்சிக்கு உயிர் நண்பன். மற்றதற்கோ, எதற்கெடுத்தாலும் புலம்பும் பணக்கார வீட்டுப் பிள்ளை.

பெரியவர்களை உறுத்தியது கெட்ட வார்த்தைகள். 1960-இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் இதை வகுப்பில் படிக்கச் சொன்ன ஆசிரியருக்கு வேலை போயிற்று. மேல்முறையீட்டில் வேலை திரும்பக் கிடைத்தது. நாவல் மட்டும் அந்தப் பள்ளிக்குத் திரும்பவில்லை. 1980-இல் ஜான் லெனனைச் சுட்டுக் கொன்றவன் கையில் இந்த நாவல் இருந்ததால் பழி புத்தகத்தின் மீதும் விழுந்தது.

இந்தச் சண்டையில் பலரும் மறந்துபோவது ஆலியை. ஹோல்டனின் தம்பி, 11 வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்தவன். அன்றிரவு கார் ஷெட்டின் ஜன்னல் கண்ணாடிகளை வெறுங்கையால் உடைத்தான் 13 வயது ஹோல்டன். காயத்துடன் மருத்துவமனையில் கிடந்ததால் தம்பியின் இறுதிச் சடங்குக்குக்கூடப் போக முடியவில்லை. உலகமே போலி என்று அவன் திட்டுவதன் அடியில் இந்த துக்கம் கிடக்கிறது. எரிச்சலில் நாவலை மூடி வைத்தவர்கள் ஐந்தாம் அத்தியாயத்தை மட்டுமாவது மறுபடி படித்துப் பார்க்கலாம்.