எண்ணெய் தேய்த்தால் போதுமா? ஓய்வு எங்கே?



என் தம்பி பெண் எடுத்த ஊர் தம்பிலுவில். அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் அங்கே போய் இருக்கவேண்டும். போன வருடம் அவன் மனைவிக்குப் பிள்ளை கிடைத்தபோது பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரியால் வந்த நாள் தொட்டு தாய் பக்கத்தை விட்டு அசையவில்லை. காலையில் ஒரு பெரியம்மா வந்து, சுடவைத்த நல்லெண்ணெயால் முதுகும் காலும் உருவிவிட்டார். நொச்சியும் வேப்பிலையும் அவித்த தண்ணீரில் குளிப்பு. உள்ளியும் மிளகும் அரைத்த சரக்குக் கறி, பால்சுறா. 31 நாள் அடுப்படிப் பக்கம் விடவில்லை. பக்கத்தில் அக்கரைப்பற்று முஸ்லிம் வீடுகளில் 40 நாள்.

அதே வருடம் எங்கள் லயத்தில் என் மகளுக்கும் பிள்ளை பிறந்தது. நானும் எண்ணெய் தேய்த்தேன். எப்போது? மலையால் இறங்கி, கொழுந்து நிறுத்து, வீடு வந்த பிறகு. பகலெல்லாம் அவளே தண்ணீர் தூக்கினாள், அவளே அடுப்பு மூட்டினாள். லீவு முடிந்ததும் கூடைக்கயிறு தலையில் ஏறியது. இரண்டு கிழமையில், "அம்மா, அடி இறங்குற மாதிரி இருக்கு" என்றாள். டாக்டர் சொன்னது: பாரம் தூக்காதே. கணக்கப்பிள்ளை சொன்னது: கிலோ குறைந்தால் அரைப்பேர்.

"அந்தக் காலத்துப் பொம்பளைகள் ஒரே மாதத்தில் மலைக்கு வந்தார்கள்" என்கிறார்கள். வந்தார்கள், உண்மை. பட்டினி வந்து கூட்டிப்போனது. இடுப்பு விட்டுப்போய், கர்ப்பப்பை இறங்கி, வெட்கத்தில் வெளியே சொல்லாமலே செத்தவர்களின் கணக்கை எந்தச் செக்ரோலில் எழுதினார்கள்?

நம்மிலும் சிலர், "நல்லா எண்ணெய் போட்டு உருவினால் எல்லாம் சரியாகும்" என்கிறோம். எண்ணெய் வலியை ஆற்றும், தூக்கம் தரும். ஆனால் தளர்ந்த அடிவயிற்றுத் தசையை இறுக்குவது பயிற்சியும் ஓய்வும்தான். ஆபரேஷன் செய்த வயிற்றை அமுக்கவே கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உருவாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். தம்பிலுவிலில் அந்த உடம்பைத் தேற்றியது எண்ணெய் மட்டும் இல்லை. வேலை செய்யாமல் கிடந்த 31 நாளும் பக்கத்தில் இருந்த தாயும்தான். நமக்கு எண்ணெய் இருக்கிறது. நாள்தான் இல்லை.

சட்டத்தைப் பாருங்கள். நமக்குள்ளது 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். அதில் 12 வாரம்: பிரசவத்துக்கு முன் 2, பின் 10. மூன்றாம் பிள்ளைக்கு 6 வாரம்தான் என்ற அநியாயம் 2018இல்தான் ஒழிந்தது. ஆனால் கடை, கந்தோரில் வேலை செய்யும் பெண்ணுக்கு 84 நாள் என்றால் ஞாயிறும் போயாவும் சேராத 84 நாள். 14 வாரத்துக்கு மேல் வரும். கொழுந்து பறிப்பவளுக்கு ஞாயிறும் போயாவும் அதற்குள்ளேயே அடக்கம். அரசாங்க ஊழியருக்கோ முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள், அதன்பின் அரைச் சம்பளத்துடன் இன்னும் 84 நாள். நாற்காலியில் இருக்கிறவளுக்கு அதிக ஓய்வு, மலை ஏறுகிறவளுக்குக் குறைந்த ஓய்வு! இது என்ன நியாயம்?

நம் தொழிற்சங்கங்களையும் கேட்கவேண்டும். சம்பளப் பேச்சு என்றால் தொண்டை கிழியப் பேசுகிறோம். பிள்ளை பெற்ற உடம்பைப் பற்றி எந்த மேசையில் பேசினோம்? சந்தா கொடுப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் இல்லையா?

நாம் கேட்பது இவை:

தோட்டப் பெண்ணுக்கும் ஞாயிறு, போயா சேராத 84 வேலை நாள் வேண்டும்.

வேலைக்குத் திரும்பி முதல் மூன்று மாதம் மேட்டு மலை வேண்டாம். குறைந்த கிலோவுக்கு முழுப்பேர் போடவேண்டும்.

ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க, பிள்ளைக்காம்பரா இருந்தால் அரை மணி நேரமும் இல்லாவிட்டால் ஒரு மணி நேரமும், நாளுக்கு இரண்டு தடவை விடவேண்டும் என்பது இப்போதே சட்டம். அதைக் கங்காணியின் தயவாக வாங்காதீர்கள், உரிமையாக வாங்குங்கள்.

குடும்பநல மாது லயத்துக்கே வந்து உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கவேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக வையுங்கள். சகோதரிகளே, வெட்கப்படாமல் எழுந்து சொல்லுங்கள். என் மகள் சொல்லத் தயாராக இருக்கிறாள்.

– ஒரு தோட்டத்து மாதர் சங்கத் தலைவி