பரிசோதிக்காமல் கத்தி வைப்பது குற்றம்

முழங்காலருகே ஒரு கட்டி. வலியில்லை என்றதும், “கொழுப்புக் கட்டிதான், அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம்” என்று தேதி குறித்துவிடுகிறார்கள். ஸ்கேன் கிடையாது, பயாப்ஸி கிடையாது. வெட்டியெடுத்த சதையும் குப்பைக்குப் போய்விடுகிறது. இதைக் கவனக்குறைவு என்று பூசி மெழுகுவது தவறு. நோயாளி நம்பி நீட்டிய காலுக்குச் செய்யும் துரோகம் இது.

முழங்காலைச் சுற்றி வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றல்ல என்பது உண்மை. ஆனால் சைனோவியல் சார்கோமா என்ற புற்றும் அங்கேதான் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து, நீர்க்கட்டி போல ஏமாற்றும். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹென்றி மான்கினும் சகாக்களும் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், 597 நோயாளிகளில் 18 பேர் பயாப்ஸியில் நேர்ந்த கோளாறுகளாலேயே தேவையின்றி உறுப்பை இழந்திருந்தார்கள். சிகிச்சை தரப்போகும் மையத்தை விட்டு வேறிடத்தில் பயாப்ஸி செய்தபோது பிழைகள் பல மடங்கு கூடின.

புற்றல்ல என்று தெரிந்துவிட்டால் மட்டும் அலட்சியம் நியாயமாகிவிடுமா? மூட்டுச் சவ்வில் அரிதாக வரும் ஜயண்ட் செல் கட்டியைப் பாருங்கள். முழங்கால் வீங்கும், வடியும், மறுபடி வீங்கும். ஊசி போட்டு உறிஞ்சினால் ரத்தம் கலந்த பழுப்பு நிற நீர் வரும். அந்த நிறமே எச்சரிக்கை. அதைப் பார்த்த பிறகும் ‘வாதம்’ என்று மாத்திரை எழுதித் தரும்போது, உள்ளே குருத்தெலும்பு அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பழைய ரத்தத்தின் இரும்புச் சத்து எம்.ஆர்.ஐ. படத்தில் கருந்திட்டுகளாகத் தெரியும். தேடினால் பெரும்பாலும் கிடைக்கும் தடயம் அது. ஓரிடத்தில் மட்டும் முடிச்சாக இருந்தால் அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மூட்டு முழுக்கப் பரவியிருந்தால் முன்னும் பின்னும் சுரண்டி எடுத்தாலும் திரும்ப வரக்கூடும். அதற்கென 2019-ல் அமெரிக்கா அனுமதித்த பெக்ஸிடார்டினிப் மாத்திரை, கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையோடுதான் வந்தது. முதலிலேயே கண்டுபிடிப்பதற்கு ஈடாக எந்த மருந்தும் இல்லை.

ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிய, ஆழத்தில் இருக்கிற, வளர்ந்துகொண்டே போகிற கட்டி எதுவானாலும் முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு அறுவை செய்யப்போகிறவரின் திட்டப்படி பயாப்ஸி, அதன் பிறகே கத்தி. இந்த வரிசையைத் தெரிந்தே மீறுகிறவர் தன் தொழிலின் அடிப்படை நேர்மையை மீறுகிறார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் உடம்பிலிருந்து எடுத்த எந்தக் கட்டிக்கும் திசுப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.