ஒட்டுப் போட்ட லாரிதான் ஒரிஜினல் லாரி

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. போன ஞாயித்துக்கிழமை நடந்த சண்டைக்கு அப்புறம் எழுதாம இருக்க முடியல.

எங்க ஊர் ஒலக்கூர். சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி ரோட்டுல திண்டிவனம் வர்றவங்க எங்களைத் தாண்டித்தான் வரணும். தாண்டித்தான் வருவாங்க, யாரும் நிக்க மாட்டாங்க :-) அங்க ரோட்டோரம் ஒரு டீக்கடை. ஞாயித்துக்கிழமை காலைல ஏழெட்டு பேர் கூடுவோம். எல்லாருக்கும் ஒரே பைத்தியம்: பழைய லாரி. பழைய ரேடியோ, பழைய கேமரான்னு அலையறவங்க இல்லையா, அதே வியாதிதான். என்ன, எங்க வியாதிக்கு இடம் கொஞ்சம் அதிகமா வேணும்.

எங்க கூட்டத்துல ஒரு அண்ணன் தம்பி. அண்ணன் டாட்ஜ் கட்சி, தம்பி ஃபார்கோ கட்சி. ரெண்டும் பம்பாய் குர்லாவுல பிரீமியர் கம்பெனி பண்ணின ஒரே வண்டிதான், முகப்புல இருக்கிற பேர் மட்டும்தான் வேற. அது அவங்களுக்கும் தெரியும். ஆனாலும் சண்டை ஓயல.

"என் வண்டி பேருலயே 'கோ' இருக்குதுண்ணா. போய்க்கிட்டே இருக்கும். உன் வண்டி பேருக்கு என்னா அர்த்தம்? டபாய்க்கிறது!"

இன்னொருத்தர் பென்ஸ் கட்சி. டாடாவும் ஜெர்மன் டைம்லர் பென்ஸும் சேர்ந்து 1954-ல ஜாம்ஷெட்பூர்ல லாரி பண்ண ஆரம்பிச்சாங்க, 1969-ல அந்த ஒப்பந்தம் முடிஞ்சுது. நம்மாளுக்கு அதோட உலகமே முடிஞ்சுது. முகப்புல ஸ்டார் இல்லாத வண்டியை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். லேலண்ட் கட்சிக்கு ஒரு பெரியவர். எண்ணூர்ல 1948-ல அசோக் மோட்டார்ஸ்னு ஆரம்பிச்சு ஆஸ்டின் கார் பூட்டிக்கிட்டு இருந்த கம்பெனி 1955-ல அசோக் லேலண்ட் ஆன கதையை வாரம் ஒரு தடவையாவது சொல்லிடுவார். "நம்ம ஊரு தண்ணி குடிச்சு வளர்ந்த வண்டிடா" என்பது அவர் முடிவுரை.

இந்தக் கிண்டலுக்கு நடுவுலதான் பாடமே நடக்கும். அதை வெளியாட்கள் புரிஞ்சுக்கறதில்ல.

உதாரணத்துக்கு என் கதை. நான் இந்தக் கூட்டத்துல சேர்ந்த புதுசு. ஒரு டாட்ஜோட முன்பக்க இடது சக்கரத்தைக் கழட்டணும். நட் அசையல. ஸ்பானர்ல பைப்பைச் சொருகி, மேல ஏறி நின்னு குதிக்கிறேன். எங்க ஃபிட்டர் தாத்தா (எண்பதைத் தாண்டியவர், திண்டிவனத்துல பட்டறை வச்சிருந்தவர்) டீயை உறிஞ்சிக்கிட்டே, "இன்னும் நாலு குதி குதிப்பா, நல்லா டைட்டாவும்" என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம்தான் சொன்னார்: அந்தக் காலத்து அமெரிக்க, இங்கிலாந்து லாரிகள் நிறையதுல இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மரை. வண்டி ஓடுற வேகத்துல நட் தானா கழண்டுடக் கூடாதுன்னு அப்படி வச்சது. ஸ்டட்டோட தலையைத் துடைச்சுப் பார்த்தா 'எல்' எழுத்து குத்தியிருக்கும். அதை இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன். பாடப் புத்தகத்துல படிச்சிருந்தா மறந்திருப்பேன்.

இப்படி எனக்குக் கிடைச்சதுல கொஞ்சம், உங்களுக்கும் உதவலாம்:

வண்டி பேரைச் சொல்லி பேரிங் தேடாதே. கழட்டி, மண்ணெண்ணெயில கழுவி, வளையத்துல வெட்டியிருக்கிற நம்பரைப் படி. நம்பரை மட்டும் கடையில சொல்லு. "1952 ஃபார்கோவுக்கு பேரிங்" என்று கேட்டா கடைக்காரர் உன்னை மேலயும் கீழயும் பார்ப்பார். நம்பரைச் சொன்னா எடுத்துக் கொடுத்துட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்.

ஸ்பானர் வாங்கறதுக்கு முன்னாடி வண்டியோட பூர்வீகம் கேளு. இங்கிலாந்து வழி வந்த பழைய வண்டின்னா விட்வொர்த் குடும்பத்து மரை, அமெரிக்க வழின்னா அங்குலக் கணக்கு, பென்ஸ்னா மில்லிமீட்டர். "ஏறக்குறைய பொருந்துது" என்று போட்டுத் திருகினா நட்டோட மூலை போச்சு.

பல வருஷம் நின்ன இன்ஜினை கியர்ல போட்டு டிராக்டர் கட்டி இழுக்காதே. இன்ஜெக்டரைக் கழட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் டீசலும் ஆயிலும் கலந்து ஊத்தி ஒரு வாரம் விடு. அப்புறம் கையால அசைச்சுப் பார்.

கடைசியா எங்க ஊர்ப்பக்கத்து அறிவுரை: மரக்காணம் உப்பு லோடு அடிச்ச வண்டின்னா, பெயின்ட்டைப் பார்த்து மயங்காதே. சுத்தியல் எடுத்து சேஸிஸைத் தட்டிக் கேளு.

சரி, சண்டைக்கு வர்றேன்.

எங்க பெரியப்பாவோட ஃபார்கோ ஒண்ணு வீட்டுக்குப் பின்னாடி வேப்பமரத்தடியில நிக்குது. சவுக்கு, மல்லாட்டை, உப்பு, செங்கல்னு அது ஏத்தாத லோடு கிடையாது. 1994-ல கடைசியா எஃப்.சி காட்டினது. அதுக்கப்புறம் கோழி அடையுது. பெரியப்பா பசங்க காயலான் கடைக்காரரைக் கூட்டி வந்து கிலோ கணக்கு போட்டு விலை பேசிட்டாங்க. பொங்கல் வரைக்கும் எங்களுக்கு டைம் கொடுத்திருக்காங்க. அதுக்குள்ள நாங்க ஏதாவது செஞ்சா சரி, இல்லேன்னா அறுத்துடுவாங்க. அவங்களைத் தப்பு சொல்ல முடியாது. அந்த இடத்துல மாட்டுக்கொட்டாய் போடணும்.

போன வாரம் சென்னையிலிருந்து புதுசா ஒரு நண்பர் வந்தார். பழைய கார் வச்சிருக்கிறவர், நல்லா படிச்சவர். பானெட்டைத் திறந்து பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது ஒரிஜினல் இல்லைங்க. டாட்ஜோட பெட்ரோல் இன்ஜின் இருக்க வேண்டிய இடத்துல பெர்கின்ஸ் டீசல் இருக்கு. இதைத் தூக்கிப் போட்டுட்டு அமெரிக்காவிலிருந்து பழைய பெட்ரோல் இன்ஜின் வரவழைச்சாத்தான் மதிப்பு."

ஃபிட்டர் தாத்தா டீ கிளாஸைக் கீழ வச்சார். "அந்த இன்ஜினை ஏத்துனவனே நான்தான்பா" என்றார்.

ஒரு நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல பேசினோம் :-)

என் கட்சி இதுதான். நம்ம ஊர் பழைய லாரிக்கு அந்த ஒட்டு வேலைதான் ஒரிஜினல்.

கொஞ்சம் சரித்திரம் பார்ப்போம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லயே பம்பாய்ல வண்டி பூட்ட ஆரம்பிச்சுது. போர் முடிஞ்சதும் ராணுவம் விட்டுட்டுப் போன ஃபோர்டு, செவர்லே வண்டிகள் லாரியா மாறி ரோட்டுக்கு வந்தது. இங்கயே தயாரிக்கிற திட்டம் இல்லாத கம்பெனிகள் இனி வேண்டாம்னு 1953-ல அரசாங்கம் முடிவெடுக்க, அடுத்த வருஷமே ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிட்டாங்க. வண்டி இங்க, ஸ்பேர் கடல் கடந்து எங்கயோ. பெட்ரோல் குடிக்கிற குடியில வாடகை மிஞ்சாது. அந்த நேரத்துல மெட்ராஸ்ல, செம்பியத்துல, சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜின் தயாரிச்சுது. ஆறு சிலிண்டர், 4.7 லிட்டர். ஓனர்கள் பெட்ரோல் இன்ஜினை இறக்கிட்டு இதை ஏத்தினாங்க. இன்ஜின் பிடிக்கிற பிராக்கெட்டை லேத்துல கடைஞ்சு, கிளட்ச் பக்கம் ஒட்டு வச்சு, ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளி, எல்லாம் நம்ம பட்டறைக்காரங்க மூளை. அது இல்லேன்னா அந்த வண்டி 1960-லயே இரும்புக் கடைக்குப் போயிருக்கும். பெரியப்பா வாங்கியிருக்கவே மாட்டார்.

அந்த பி6-ஐ இன்னிக்கு ஓட்ட முடியும்னா அதுவும் இந்த டீக்கடைப் பேச்சால்தான். பி3, பி4, பி6 மூணும் ஒரே குடும்பம். மூணரை அங்குல போர், அஞ்சு அங்குல ஸ்ட்ரோக், சிலிண்டர் எண்ணிக்கை மட்டும்தான் மாறும். அதனால லாரி ஸ்பேர் கடையில அலையாதே, பழைய டிராக்டரும் பம்ப்செட்டும் பார்க்கிற ஆளுங்களை விசாரின்னு தாத்தா சொன்னார். பி6-ல டைமிங்குக்கு சங்கிலி, பின்னால வந்த 354-ல பல்சக்கரம். பி6 திணறினா பம்பைக் குறை சொல்றதுக்கு முன்னாடி சங்கிலி நீண்டு போயிருக்கான்னு பார். இதெல்லாம் பெட்ரோல் இன்ஜினை வரவழைச்சா அதோட செத்துப் போற அறிவு.

அந்த நண்பர் சும்மா சொல்லல, சட்டமும் அவர் பக்கம்தான். 2021 ஜூலையில மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேஸிஸ், பாடி, இன்ஜின் எதுலயும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. நம்பர்ல 'வி.ஏ' வரும். நல்ல விதிதான், ஆனா அது பேசறது சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பத்தி. லாரியோ பிறக்கும்போதே சரக்கு வண்டி. பின்னால ஜோடி டயர் வேற :-) இன்னொரு பக்கம், 15 வருஷம் தாண்டின லாரிக்கு எஃப்.சி கட்டணம் 2022 ஏப்ரல்ல 1,500-லிருந்து 12,500 ஆச்சு. சம்பாதிக்கிற லாரிக்குப் போட்ட கணக்கு அது. வேப்பமரத்தடி லாரிக்கு அதுவும் பொருந்தாது, இதுவும் பொருந்தாது. அதுக்குப் பொருந்துறது காயலான் கடை மட்டும்தான்.

விதி ஏன் இவ்வளவு கறார்னு எனக்கும் புரியுது. பழைய கூட்டுக்குள்ள புது இன்ஜினைச் சொருகி வின்டேஜ்னு ஏமாத்தறவங்க இருப்பாங்க. ஆனா அதுக்கு வழி இருக்கே. பெரியப்பாவோட ஆர்.சி புக்கைப் பார்த்தேன். 'பெட்ரோல்' அடிச்சு 'டீசல்'னு எழுதி, புது இன்ஜின் நம்பர் போட்டு, தேதியோட சீல் குத்தியிருக்கு. வருஷம் 1963. அந்த மாற்றத்துக்கே 50 வயசு தாண்டிடுச்சு! புக்குல ஏறின, 50 வருஷம் தாண்டின மாற்றத்தை ஒரிஜினல்னு ஏத்துக்கிட்டா என்ன குறைஞ்சு போகும்? 1966-லிருந்து இருக்கிற உலகப் பழைய வண்டிச் சங்கக் கூட்டமைப்பு ஃபிவா, அந்தக் காலத்துலயே மாற்றம் செஞ்ச வண்டின்னு தனி வகையே வச்சிருக்கு. இங்கிலாந்துல 1958-லயே லாரி, பஸ்ஸுக்குன்னு சங்கம் ஆரம்பிச்சு, 1962-லிருந்து லண்டன்-பிரைட்டன் ஓட்டம் நடத்தினாங்க. லாரியும் மரியாதைக்குரியதுன்னு அவங்களுக்குத் தோணியிருக்கு. நாம கார்ல போன ஜமீன்தாரை நெனப்பு வச்சிருக்கோம், அவர் வீட்டுக்கு நெல்லு மூட்டை கொண்டு போன லாரியை மறந்துட்டோம்.

சட்டம் மாறும்போது மாறட்டும். நம்ம கையில இருக்கறது ஒண்ணு. தாத்தா மாதிரி ஆட்கள் சொல்றதை எழுதி வைக்கணும். போன வருஷம் எங்க டைனமோ பெரியவர் இறந்துட்டார். அவர் கட்-அவுட் செட் பண்றதை நான் நாலு தடவை பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். ஒரு தடவை கூட எழுதி வைக்கல. சிரிச்சுக்கிட்டே நின்னுட்டேன். இப்ப எங்க யாருக்கும் அது சரியா வரல.

மறுநாள் திங்கட்கிழமை அந்த சென்னை நண்பர் போன் பண்ணினார். "அந்தத் தாத்தா அடுத்த ஞாயிறு வருவாரா? இன்ஜின் ஏத்தினதைப் பத்திக் கேக்கணும், நோட்டோட வர்றேன்" என்றார். தாத்தாகிட்ட சொன்னேன்.

"வரட்டும். டீ அவரு கணக்குன்னு சொல்லு."

பி.கு: உங்க ஊர்ல, சொந்தக்காரங்க வீட்டுக் கொல்லையில இப்படி ஏதாவது நிக்குதா? விக்கறதுக்கு முன்னாடி ஆர்.சி புக்கை ஒரு தடவை புரட்டிப் பாருங்க. அதை ஓட்டினவர், பழுது பார்த்தவர் யாராவது இருந்தா பக்கத்துல உக்காந்து பேசுங்க. பொங்கலுக்குள்ள ஃபார்கோ உயிர் பிடிச்சுதான்னு அடுத்த பதிவுல சொல்றேன். வேண்டிக்குங்க மக்களே!